ஒயிட்வேர் பேப்பர், ஏழாவது தடவை

தன்னை வைத்துப் பூட்டுவதற்குத் தானே கடைவீதிக்குப் போய், நாலு பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, அதில் சுலபத்தில் உடைக்க முடியாத ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்து, இரண்டு சாவியையும் எதிராளி கையில் கொடுத்த முட்டாள், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். கொடுத்ததோடு விட்டேனா? "நான் அழுதாலும் தெறக்காத, கால்ல வுழுந்தாலும் தெறக்காத" என்று வசனம் வேறு பேசினேன். எதிராளி என் தங்கை. ஒன்று சொன்னால் அதைக் கடைசி எழுத்து வரைக்கும் செய்கிறவள் அவள் என்பது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு வெளியிலிருந்து பூட்டு விழுந்த சத்தத்தில் ஞாபகம் வந்தது.

பூட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமா படித்தவன் நான். எல்லாப் பேப்பரும் தட்டுத்தடுமாறி முடிந்துவிட்டது. ஒயிட்வேர் என்று ஒரு பேப்பர் மட்டும் முடியவில்லை. கப், சாசர், பொம்மை, கைகழுவும் பேசின் என்று வெள்ளையாகச் சுட்டெடுக்கிற சாமான்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பாடம். ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் ஊற்றிக்கொண்டது.

முதல் தடவை படிக்காமல் போனேன், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை, திருத்துகிறவர்கள் படிப்பதே கிடையாது, பேப்பரைச் சாண் போட்டு அளந்துதான் மார்க் போடுகிறார்கள் என்று எவனோ சொன்னதை நம்பினேன். களிமண் குழியில் எருமை விழுந்து ஊரே கூடித் தூக்கிய கதையை, நடுநடுவே 'கயோலின்', 'ஃபெல்ட்ஸ்பார்' என்று தூவி, அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினேன். பத்தொன்பது மார்க் வந்தது. அந்தப் பத்தொன்பதும் எருமைக்காகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் தடவை செய்ததுதான் பெரிய பாவம். ரிசல்ட் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பாஸ்" என்றேன். விளையாட்டுக்குத்தான். 'போடா புளுகாத' என்று அப்பா சொல்வார், சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் நடப்பார். அரை மணி நேரம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, வழியில் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று. ஓடினேன். ஜங்ஷனைத் தாண்டி, சேலம் லைனில் அவருடைய ஆட்கள் எட்டுப் பேர் கையிலும் ஆளுக்கொரு ஜாங்கிரி இருந்தது.

"அப்பா, சும்மா சொன்னேன்ப்பா."

எட்டுப் பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அப்பா தன் கையிலிருந்த ஜாங்கிரியை வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கி, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அன்றிலிருந்து நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்.

ஏழாவது தடவை வருவதற்குள் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று, பழைய பாடத்திட்டத்தை எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற மிச்சம்மீதிகளுக்கு இந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு, இதிலும் போனால் டிப்ளமாவே கிடையாது என்று காலேஜில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டாவது, என் தங்கை பிளஸ் டூ பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டது.

"கடலூர் காலேஜுல கணக்குப் படிக்கணும்ப்பா. ஹாஸ்டல் இருக்குது. ரிசல்ட் வந்ததும் அப்ளிகேஷன் குடுப்பாங்க."

அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "முன்னாடி போன வண்டி லைன விட்டு வெலவாம பின்னாடி வண்டிக்கு சிக்னல் கெடையாது."

"அண்ணன் பேப்பருக்கும் நான் படிக்கிறதுக்கும் என்னாப்பா சம்பந்தம்?"

"இந்த வூட்டுல ஆரம்பிச்ச படிப்ப ஒருத்தராச்சும் முடிச்சாங்கன்னு நான் கண்ணால பாக்கணும். அவன் முடிக்கட்டும். நீ போ. முடிக்கலியா, ரெண்டு பேரும் வூட்டுல இருங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். நடுவழியில் நின்றுபோன கூட்ஸ் வண்டியைப் பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் எப்படிப் பார்க்குமோ அப்படி. தட்டிலிருந்த சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். அந்த ரோஷத்தில் போய் வாங்கியதுதான் அந்தப் பூட்டு.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. ஒரு கம்பி ஜன்னல், ஒரு மேசை, ஒரு பாய், பழைய டேப்ரெக்கார்டர் ஒன்று. காலை ஏழிலிருந்து இரண்டு வரை தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் ஒன்றில் எனக்கு வேலை. மூன்றிலிருந்து ஏழு வரை சிறை. முதல் நாள் முதல் பத்து நிமிஷம் தவம் இருக்கிற முனிவர் மாதிரிதான் உணர்ந்தேன். பதினோராவது நிமிஷம் முனிவருக்கு முதுகு வேர்த்தது. எங்கள் ஊர் ஏப்ரலில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே உட்கார்ந்தால் சூளைக்குள் அடுக்கி வைத்த சாமான் மாதிரிதான். சாமானுக்காவது சுட்டு முடிந்தால் வெளியே எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

தண்ணீர் கேட்டேன். ஜன்னல் வழியாக வந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றேன். திறந்தாள், கூடவே வந்தாள், வெளியே நின்று ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். நூறு வருவதற்குள் திரும்பியாக வேண்டும். அடுத்த நாள் தேள் இருக்கிறது என்று கத்தினேன்.

"எவ்ளோ பெருசு?" என்றாள் வெளியிலிருந்து.

"உள்ளங்கை அளவு."

"அதுக்கும் சேத்து சத்தமா படி. அதுவாச்சும் பாஸாவட்டும்."

அம்மாவுக்கு என் மேல் இரக்கம் அதிகம். ஜன்னல் கம்பிக்கு நடுவே முறுக்கை நீட்டுவாள். "பாவம்டி, புள்ள எளைச்சுப் போச்சு" என்பாள். "புள்ளைக்கு இருவத்திரெண்டு வயசும்மா" என்று படிக்கட்டிலிருந்து பதில் வரும். தங்கை மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொள்வாள். கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், கதை புத்தகம் படிப்பாள். நான் வாய்விட்டுப் படிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கதவில் ஒரு தட்டு.

இங்கேதான் என் மூளை முழு வேகத்தில் வேலை செய்தது. ஒயிட்வேர் பாடத்துக்காக அது அப்படி ஒரு நாளும் உழைத்ததில்லை. ஒரு காலி கேசட்டில் இரண்டு பக்கமும் என் குரலிலேயே பாடத்தைப் படித்துப் பதிவு செய்தேன். நடுவில் இருமல், 'அய்யோ வேர்க்குது', 'திரும்பவும் ஒரு தடவ' என்பதெல்லாம் சேர்த்து, கேட்பவர்களுக்குச் சந்தேகமே வராத அளவுக்குக் கலையம்சத்தோடு செய்தேன். மூன்றரைக்குக் கேசட்டைப் போட்டுவிட்டுப் பாயில் படுத்துவிடுவேன். அரை மணிக்கொரு தரம் பக்கத்தைத் திருப்பிப் போட வேண்டியதுதான் ஒரே தொல்லை. நாலு நாள் அற்புதமாக ஓடியது. "புள்ள நல்லா படிக்கிறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் நாள் நாலேகாலுக்கு மின்வெட்டு.

அந்த வருஷம் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் குரல், "ஸ்லிப் காஸ்டிங் முறையில் பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறி..." என்று இழுத்து, ஆழமாகி, பேய்க்குரலாகி நின்றது. மின்விசிறியும் நின்றது. நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்த சத்தத்தில் கண்ணை விழித்தேன். தங்கை வாசலில் நின்றாள்.

"கரன்ட் போனா ஃபேன் நிக்கும், சரி. உனக்கு ஏன் கொரலு நிக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வந்து, "...ஞ்சிக் கொள்கிறது" என்று நானே மேசையிலிருந்து முடித்துவைத்தேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் டேப்ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"எனக்கு ரெண்டு பரீட்சைண்ணா" என்றாள். "ஒண்ண நானே எழுதிட்டேன். இன்னொண்ண நீதான் எழுதியாவணும். நான் எவ்ளோ படிச்சாலும் அத நான் எழுத முடியாது."

இதற்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. தேடித்தான் பார்த்தேன். அறையின் பூட்டு எனக்கு நாலு மணி நேரம்தான் என்பதும், ஏழு மணிக்குத் திறந்த பிறகும் அவள் மட்டும் உள்ளேயே இருக்கிறாள் என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவளுடைய சாவி என்னிடம் இருந்தது. அதைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு நாலு நாளாகத் தூங்கியிருக்கிறேன்.

"நீ போன தடவ என்னா எழுதின, சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மார்க், எத்தனை பக்கம் எழுதினேன் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒயிட்வேர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. பரீட்சை என்றால் என்ன என்று தெரியும். குறித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்க்கிற மாதிரி.

"ரெண்டு மார்க்குக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. பன்னெண்டு மார்க்குக்கு அரைப் பக்கம். கடைசி ரெண்டு கேள்வி எழுதவே இல்ல. உனக்குப் பாடம் தெரியாம போவல. நீ பரீட்சைல கத பேசிட்டு வந்திருக்க."

மறுநாள் நான் காலேஜ் லைப்ரரியில் இருந்து எட்டு வருஷத்துப் பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கோடு போட்டாள். எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கணக்கெடுத்து, பதினாலு கேள்வியைத் தனியாக எழுதி நீட்டினாள்.

"இந்தப் பதினாலும் சுத்திச் சுத்தி வருது. இதுங்க நம்ம சொந்தக்காரங்க மாதிரி. எப்பிடியும் வருவாங்க. வர்றதுக்கு முன்னாடியே சோறாக்கி வச்சுக்க."

அதன் பிறகு வாய்விட்டுப் படிப்பது நின்றது. எழுத்து தொடங்கியது. தினம் ஒரு கேள்வி, புத்தகத்தை மூடிவிட்டு, கடிகாரத்தை வைத்து, இருபது நிமிஷத்தில் எழுதி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். பாடம் தெரியாதவள் திருத்துகிறாளே என்று முதலில் எனக்கு நக்கல். ஆனால் அவளுக்குப் புரியவில்லை என்றால் அது என் தப்பு என்பது அவள் சட்டம். "இங்க படம் போட்டிருந்தா ஒரு பக்கம் மிச்சம்." "இது கேட்டதுக்குப் பதிலே இல்ல." "இந்த வரிய ஏற்கெனவே மேல எழுதிட்ட." சிவப்புப் பேனாவால் அல்ல, கீரை ஆய்ந்த கையோடு பென்சிலால் குறிப்பாள். என் பதில்களில் பல இடத்தில் பச்சைக் கறை.

கடைசிப் பத்து நிமிஷம் எழுதக் கூடாது என்று ஒரு விதியும் வைத்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, வேறு எவனோ எழுதியது மாதிரி முதலிலிருந்து படிக்க வேண்டும். "எவன்னு நெனச்சுக்கறது?" என்று கேட்டேன். "உனக்குப் புடிக்காதவன் எவனாச்சும்" என்றாள்.

இதற்கு நடுவே தினமும் காலையில் யூனிட். அங்கே நான் ஸ்லிப்பு மேசை. ஸ்லிப்பு என்றால் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துக் கெட்டியான பால் மாதிரி கரைத்து வைத்திருப்பது. அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றி வைத்தால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, ஓரத்தில் மண் சுவர் கட்டும். போதுமான தடிமன் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். உள்ளே ஒரு நாய்க்குட்டியோ பிள்ளையாரோ உட்கார்ந்திருக்கும். என் எதிரே அதே வேலை செய்கிற அக்கா ஒருவர், கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். பதினைந்து வருஷமாக ஊற்றுகிறார். கையில் கடிகாரம் கிடையாது. யூனிட்டில் யாருக்குமே கிடையாது, மண் பட்டுக் கெட்டுப்போகும் என்று கழற்றி வைத்துவிடுவோம்.

"எவ்ளோ நேரம் வுடணும்க்கா?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"நாய்க்குட்டிக்கு ஒரு டீ. புள்ளையாருக்கு டீயும் வடையும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை. ஊற்றிவிட்டு எதிர்க் கடைக்கு நடந்து போய், டீ வாங்கிக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால் நாய்க்குட்டி தயாராக இருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை. மழைக்காலத்தில் அச்சு ஈரமாக இருந்தால், "இன்னிக்கு ரெண்டாவது டீ" என்பார். வாயாடிக்கொண்டு நான் தாமதமாக வந்ததில் சுவர் தடித்துப்போன நாய்க்குட்டிகளைப் பார்த்து, "என்னாப்பா, டிப்ளமாவாமே நீ. ஒரு டீய ஒழுங்கா குடிக்கத் தெரியலியே" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கும் வேலையில் அது பழகிவிட்டது. ஸ்லிப்பு என்றால் டீ, டீ என்றால் ஸ்லிப்பு.

பரீட்சை அன்றைக்குத் தங்கை ஹால் டிக்கெட், இரண்டு பேனா, ஸ்கேல், பென்சில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். பத்து நிமிஷம் முன்னால் போக வேண்டும், யாரோடும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம்.

கேள்வித்தாளைப் புரட்டினேன். சொந்தக்காரர்கள் பதினாலு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சந்தோஷத்தில் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவனும் ஆறேழு தடவை ஆள்தான், அவன் சிரிக்கவில்லை. எழுத ஆரம்பித்தேன். இரண்டு மார்க்குக்கு நாலு வரி. பன்னிரண்டு மார்க்குக்கு இரண்டரைப் பக்கம், ஒரு படம். எருமை எங்கேயும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேப்பர் கொடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லாக் கேள்வியையும் முடித்திருந்தேன்.

பேனாவை மூடினேன். எனக்குப் பிடிக்காத ஒருத்தனை நினைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன்.

ஸ்லிப் காஸ்டிங் கேள்விக்கு, மற்றவை எல்லாவற்றையும் விட நன்றாக எழுதியிருந்தேன். தினம் கையால் செய்கிற வேலை ஆயிற்றே. அச்சு, ஸ்லிப்பு, கலவை இளகச் சிலிகேட் சேர்ப்பது, படம் எல்லாம் அழகாக இருந்தது. நாலாவது பத்தியில், அச்சுக்குள் ஸ்லிப்பை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்ற இடத்தில், என் குண்டு குண்டான ஆங்கில எழுத்தில், 'ஒன் டீ' என்று இருந்தது. அதோடு நிற்கவில்லை. 'பெரிய அச்சாக இருந்தால், ஒன் டீ அண்ட் வடை.'

முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த விநாடி பேனாவைத் திறந்தேன். அந்த வரியை அடித்தேன். அதற்கு மேல் எழுத வேண்டியது நிமிஷம். எத்தனை நிமிஷம்? புத்தகத்தில் எழுதியிருந்தது, கண்ணால் பார்த்திருக்கிறேன், எண் மட்டும் வரவில்லை. டீ என்று பழகிப்போன மூளை நிமிஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தது. ஏழு நிமிஷம் மிச்சம் என்று சுவர்க் கடிகாரம் சொன்னது. அதைப் பார்த்ததும்தான் வழி தெரிந்தது.

கண்ணை மூடினேன். யூனிட்டிலிருந்து எழுந்து நடந்தேன். பனியனில் கையைத் துடைத்தேன். ரோட்டைத் தாண்ட லாரிக்காக நின்றேன். கடைக்காரர் ஆற்றிக் கொடுத்தார், சூடு, ஊதினேன். ஒரு வாய். அக்கா நெய்வேலிப் பஸ் கட்டணத்தைப் பற்றிக் குறை சொன்னார், கேட்டுக்கொண்டேன். இன்னொரு வாய்.

"தம்பி, என்னா பண்றீங்க?"

கண்ணைத் திறந்தேன். மேற்பார்வைக்கு வந்திருந்த சார் என் முன்னால் நின்றார். நான் வலது கையில் இல்லாத டம்ளரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன்.

"யோசிக்கிறேன் சார்."

"ஊதி ஊதியா?"

"சூடா இருக்குது சார்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என் பேப்பரை ஒரு தடவை, என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "எழுதுங்க, டயமாவுது" என்று நகர்ந்தார்.

பாதி டம்ளரில்தான் என்னை நிறுத்தியிருந்தார். அதற்குள் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தது. ஆக முழு டம்ளருக்குப் பத்து. நான் அவசரக்காரன், அக்கா பொறுமையாகக் குடிப்பவர், அவருக்குப் பதினைந்து. வடைக்கு இன்னொரு பத்து வைத்தேன். 'பத்து முதல் பதினைந்து நிமிடம். அச்சு பெரிதாக இருந்தால் இருபத்தைந்து வரை. அச்சு ஈரமாக இருந்தால் கூடுதல் நேரம் தேவைப்படும்' என்று எழுதி முடித்தபோது பேப்பரை உருவிக்கொண்டார்கள்.

காலேஜ் வாசலில் புளியமரத்தடியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். வருவதாக என்னிடம் சொல்லவில்லை.

"எத்தினி கேள்வி வுட்ட?"

"ஒண்ணும் வுடல."

"கடைசியா படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

டீ விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. ரிசல்ட் வரும் வரைக்கும் நாற்பது நாளும் தினமும் சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். அடித்ததைச் சரியாக அடித்தேனா, அடித்த பிறகும் 'டீ' தெரிகிறதா, திருத்துகிறவர் சிரிப்பாரா, கடுப்பாவாரா என்று யூனிட்டில் ஊற்றுகிற ஒவ்வொரு நாய்க்குட்டியையும் கேட்டேன். அறைக்கதவு இப்போது திறந்தே கிடந்தது. வெளியேதான் இருந்தேன். ஆனால் அந்த நாற்பது நாளைப் போல எங்கேயும் போக முடியாமல் நான் இருந்ததே இல்லை. நடுவில் அவளுடைய பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு. அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். சிக்னல் விழவில்லை. அவள் அப்ளிகேஷனை வாங்கி வந்து, எல்லாவற்றையும் நிரப்பி, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை மட்டும் காலியாக வைத்து அலமாரியில் வைத்தாள். அதைக் கொடுக்க ஒரு கடைசித் தேதி உண்டு.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் என் ரிசல்ட் வந்தது. பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். நாற்பது வாங்கினால் பாஸ். நாற்பத்தாறு. மூன்று தடவை நம்பரை அடித்து மூன்று தடவையும் பார்த்துவிட்டு, பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாஸ்ப்பா."

துண்டில் கையைத் துடைத்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"நெசமா பாஸ்ப்பா. இத பாருங்க."

"காயிதத்த எவன் வேணா அடிக்கலாம்" என்றார். "மார்க் ஷீட்டு வரட்டும். பாக்கலாம்."

மார்க் ஷீட் வர இரண்டு மாசம் ஆகும். அப்ளிகேஷனுக்கு இரண்டு நாள். தங்கை அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கு என்னைத் தெரியும், இது நிஜம் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் நம்பி என்ன? எட்டுப் பேர் பார்க்க அப்பா ஜாங்கிரியை மென்று விழுங்கியது என் கண் முன்னால் நின்றது. என் வாயிலிருந்து இனி எது வந்தாலும் அதில் சர்க்கரைப்பாகு ஒட்டிக்கொண்டுதான் வரும். நானே பேசிப் பேசிக் கட்டிய சுவருக்குள் அவளும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் சொல்றத நம்ப வேணாம்" என்றேன். "காலேஜுல போர்டுல ஒட்டியிருக்காங்க. வாங்க. நீங்களே பாருங்க."

நான் அவரிடம் சிரிக்காமல் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் வித்தியாசமாகத்தான் பட்டிருக்க வேண்டும். சட்டையை மாட்டினார். தங்கை ஓடிப் போய் ஹால் டிக்கெட்டை எடுத்து வந்தாள். என் கையில் தரவில்லை, அப்பா கையில் கொடுத்தாள்.

காலேஜ் போர்டு, கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே பாஸானவர்களின் நம்பர் மட்டும், பெயர் கிடையாது, கீழே காலேஜ் முத்திரை. அப்பா கண்ணாடி பக்கத்தில் போய் நின்றார். ஹால் டிக்கெட்டைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். மற்ற கை ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் என் நம்பரின் முதல் இலக்கத்துக்கு மேலே கண்ணாடியை டொக் என்று தட்டினார். ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். அடுத்த இலக்கம், டொக். அடுத்தது, டொக். எட்டு இலக்கத்தையும் தட்டினார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. எனக்கு நம்பர் நடுவில் மாறிவிடும் போலப் பயமாக இருந்தது.

"இதான்" என்றார் கடைசியில்.

"ஆமாம்ப்பா."

"எவ்ளோ வேணும் பாஸாவ?"

"நாப்பது."

"மேல ஆறு எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். வடைக்கு என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. வீட்டுக்கு வந்ததும் கேட்காமலேயே அலமாரியைத் திறந்து, அப்ளிகேஷனை எடுத்து, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். தங்கை மை காயும் வரை ஊதிக்கொண்டே நின்றாள்.

ஜூலையில் அவள் கிளம்பினாள். அப்பாவுக்கு டியூட்டி, நான் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எனக்கு அந்த டிப்ளமாவால் இன்னும் ஒரு வேலையும் வந்திருக்கவில்லை, அதே ஸ்லிப்பு மேசைதான். பெட்டியைத் தூக்கி மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி நின்றேன். ஏதாவது பெரிய மனுஷன் மாதிரி சொல்ல வேண்டும் போல இருந்தது. டிரைவர் வண்டியை உறும விட்டார்.

"தா பாரு," என்றேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அங்க எதாச்சும் ஒரு பேப்பர்ல அரியர் கிரியர் வுழுந்துச்சுன்னா பயப்படாத. ஒடனே எனக்கு ஒரு போன் போடு. எனக்கு ஏழு தடவ அனுபவம்."

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அவள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"வுழாது."